என்ன குழம்பு என்று கேட்டால்

அந்தக் காலனியில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே ஒரு பதிலைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வெளியாள் யாராவது "இன்னா கொழம்பு?" என்று கேட்டால் "பருப்பு" என்று சொல்ல வேண்டும். அடுப்பில் எது கொதித்தாலும் பருப்புதான். நாற்று நடப் போன இடத்தில் நிலத்துக்காரம்மா கேட்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்பாள். நேராகச் சாதியைக் கேட்டால் நாகரிகம் இல்லை; குழம்பைக் கேட்டால் யார் தப்புச் சொல்ல முடியும்? கேட்கிறவளுக்கும் தெரியும், சொல்கிறவளுக்கும் தெரியும். பருப்பு என்றதும் இரண்டு பேரும் நிம்மதியாக வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

காசியம்மாள் இந்தப் பாடத்தைத் தன் மகள் சிநேகாவுக்கு மூன்று வயதில் சொல்லிக் கொடுத்தாள். சிநேகா நன்றாகவே படித்துக்கொண்டாள். வினை அங்கேதான் இருந்தது.

சிநேகாவின் புருஷன் கிருபாகரனுக்கு, அணுமின் நிலையத்து ஆட்கள் குடியிருக்கும் அணுபுரத்தில் எலக்ட்ரீசியன் வேலை. ஒப்பந்த வேலைதான். குவார்ட்டர்ஸ் எல்லாம் நிரந்தர வேலைக்காரர்களுக்கு. ஒப்பந்தக்காரன் வெளியில் வீடு தேடிக்கொள்ள வேண்டியதுதான். ஒன்பது வீடு ஏறி இறங்கினார்கள். பத்தாவது வீடு ராஜம் அம்மாளுடையது. பின்பக்கத்தில் ஒரு ரூம், ஒரு சமையலறை, தனிக் கக்கூஸ், குழாயில் தண்ணீர். ராஜம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சைவம்தானே?" கிருபாகரன் எச்சில் விழுங்குவதற்குள் சிநேகா முந்திக்கொண்டு, "ஆமாங்க ஆன்ட்டி, நாங்க முட்டகூட தொடமாட்டோம்" என்றாள். வீடு கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அந்த வீட்டில் கறி இல்லை, மீன் இல்லை. ஒரே ஒரு தடவை, ராஜமும் அவள் புருஷன் சதாசிவமும் காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, ஆசை தாங்காமல் சிநேகா ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு வறுத்தாள். ஜன்னலைச் சாத்தினாள், அரைக் கட்டு ஊதுவத்தி கொளுத்தினாள். அப்படியும் மறுநாள் வந்து இறங்கியதும் ராஜம் மூக்கைச் சுளித்தாள். சிநேகா கொஞ்சமும் அசரவில்லை. "எலி எங்கியோ செத்துக் கெடக்குதுபோல ஆன்ட்டி" என்றாள். ரிடையர்டு வாத்தியார் சதாசிவம் பாவம், கையில் குச்சியோடு இரண்டு நாள் சாக்கடை நெடுக எலியைத் தேடிக்கொண்டிருந்தார். கிருபாகரனும் கூடவே நின்று தேடினான். இதைச் சொல்லிச் சொல்லி அம்மாவும் மகளும் ஒரு காலத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு கருவாடும் நின்றுபோனது.

கறியை விட்டவர்கள் அதற்குப் பதிலாகப் பாலும் பருப்பும் நெய்யும் சாப்பிட்டிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. சைவமாக இருப்பதற்கும் வசதி வேண்டும். கிருபாகரன் சம்பளத்தில் பாதி அந்த வீட்டு வாடகைக்கே போனது. மீதியில் ரசம், ஊறுகாய், வாரத்தில் இரண்டு நாள் சாம்பார். ராஜம் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து பாலும் நெய்யும் வரவில்லை, கறி இல்லாமை மட்டும்தான் சிநேகாவின் தட்டுக்கு வந்து சேர்ந்தது.

சிநேகா உண்டாகி ஏழாம் மாசம் நடந்துகொண்டிருந்தபோது, டிசம்பர் மாசத்தில் ஒரு நாள், காசியம்மாள் மகளைப் பார்க்க வந்தாள். மதுராந்தகம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறி மாறி வந்ததில் முழங்கால் இரண்டும் விட்டுப்போயிருந்தன. பறவை பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதியில் பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு. சீசன் நேரத்தில் இரண்டு நாள் லீவு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகியிருந்தது. கதவைத் திறந்த மகளைப் பார்த்ததும் முழங்கால் வலி மறந்துபோயிற்று. கண்ணுக்குக் கீழே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. நகமெல்லாம் வெளுத்திருந்தது. மறுநாள் காலையில் சிநேகா வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரையைப் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, "தெனமும் இப்படித்தாம்மா" என்றாள்.

அன்றைக்குத் திருக்கழுக்குன்றத்தில் டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். ராஜமும் கூட வந்தாள். ராஜம் மோசமான பெண்மணி இல்லை. மோசமானவளாக இருந்திருந்தால் இந்தக் கதை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். தனக்குப் பெண் பிள்ளை இல்லை என்று மாசா மாசம் சிநேகாவைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனவள் அவள்தான். தண்ணீர் பாட்டிலைக்கூட மறக்காமல் கொண்டுவருவாள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ரத்த அளவு போன மாசம் எட்டு. இப்ப ஏழரை. பால் குடிக்கிறியாம்மா?"

"ரெண்டு வேளயும் குடிக்கிறேன் டாக்டர்."

"கீரை? பேரீச்சம்பழம்?"

"தெனமும் சாப்பிடறேன்."

"மாத்திரை?"

"ஒரு நாள்கூட விடல."

சுவரில் மாட்டியிருந்த படத்தில் பாலும் கீரையும் பேரீச்சம்பழமும் வரிசையாக இருந்தன. மகள் அதைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறாளோ என்று காசியம்மாளுக்குத் தோன்றியது.

"கறி, ஈரல் எல்லாம்?"

சிநேகா ராஜத்தை ஒரு தடவை பார்த்தாள். "அதெல்லாம் தொடறதே இல்ல டாக்டர்."

டாக்டரம்மா பேனாவை மூடினாள். "இவ்வளவு சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு, ரத்தம் எறங்குதுன்னா எனக்குச் சரியாப் படல. ரத்தம் ஊறுற இடத்திலேயே கோளாறு இருக்கலாம். மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். எலும்புல ஊசி போட்டு எடுத்துப் பார்ப்பாங்க. நாள் கடத்தாதீங்க, குழந்தைக்கும் ஆபத்து."

எலும்பில் ஊசி என்றதும் சிநேகா வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள். ஆனாலும் சொன்ன பொய்யை மாற்றிக்கொள்ளவில்லை. காசியம்மாள் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். இல்லாத நோயைத் தேடி எலும்பைக் குடையப் போகிறார்கள். உள்ள நோய் என்னவென்று தனக்குத் தெரியும்; அதைத் தானே மூன்று வயதில் மகள் வாயில் ஊட்டியிருக்கிறாள். சொன்னால் வீடு போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளையே போய்விடலாம். இத்தனை வருஷம் மறைத்து மறைத்து அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

"டாக்டரம்மா, அவ சொல்றது பூரா பொய்யி" என்றாள். "பாலும் கெடையாது, பழமும் கெடையாது. ரசத்த ஊத்தித் துன்னுகினு கீறா. மாத்திர உள்ள நிக்கல, வாந்தி எடுத்துர்றா. நாங்க கறி துன்றவங்க. மாட்டுக்கறி. பொறந்ததுலேர்ந்து அதத் துன்னு வளந்த ஒடம்பு. வூட்டுக்காக ரெண்டு வருஷமா வாயக் கட்டிக்கினு கீது என் பொண்ணு."

ராஜம் மடியில் இருந்த பையின் ஜிப்பை இழுத்தாள், திறந்தாள், மறுபடி இழுத்தாள்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்று டாக்டரம்மா சீட்டைக் கிழித்துப் போட்டாள். "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை போடு. பாலோ, பருப்போ, கறியோ, எது முடியுமோ அதை நிறையச் சாப்பிடு. பதினஞ்சு நாள்ல திரும்பிப் பார்ப்போம். ஏறலன்னா மெட்ராஸ்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சிநேகா தண்ணீர் கேட்டாள். ராஜம் பாட்டிலைக் கொடுத்தாள். குடித்துவிட்டு நீட்டியபோது, "நீயே வெச்சுக்கோம்மா" என்றாள் ராஜம். குரலில் கோபமே இல்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே காசியம்மாளிடம் சொன்னாள்: "தலப்பிரசவம் அம்மா வீட்லதானே பார்ப்பீங்க? இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்களேன். அப்படியே சாமானையும் எடுத்துட்டா நல்லது. எங்க சொந்தக்காரங்க வர்ற மாதிரி இருக்கு."

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கிருபாகரன் நடந்ததைக் கேட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் அத்த. டாக்டரத் தனியாப் பாத்து சொல்லியிருக்கலாமே" என்றான். அது காசியம்மாளுக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு சின்ன விஷயம் எப்படித் தோன்றாமல் போனது என்று, மறுநாள் சாமானை ஏறக்கட்டக் கிருபாகரனை விட்டுவிட்டு மகளோடு பஸ் மாறி ஊர் போய்ச் சேரும் வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டாள். சிநேகா ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பியபடியே வந்தாள்.

மூன்று நாள் மகள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காசியம்மாள் விடியும்போதே மதுராந்தகம் போய், மாட்டுக்கறிக் கடையில் முதல் ஆளாக நின்று சுவரொட்டி வாங்கி வந்தாள். ரத்தம் ஊறுவதற்கு அந்த மண்ணீரலை விட்டால் வேறு இல்லை என்று காலனியில் எல்லோரும் சொல்வார்கள். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, நல்லெண்ணெயில் வதக்கினாள். வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று. சட்டியைப் பக்கத்தில் வைத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். சிநேகா பேசாமல் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள். காசியம்மாளுக்கு மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு வந்தது.

அப்போது வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. விடுதி மேனேஜர் கேசவன். வண்டியை நிறுத்தினான், இறங்கவில்லை.

"காசியம்மா, இன்னா ஆள காணோம்? சமையக்கட்டு அம்மா நின்னுட்டாங்க. நாளைலேர்ந்து நீ பெருக்க வாணாம், சமையக்கட்டுக்கு வந்துரு. அரிசி களையறது, காய் நறுக்கறது. சம்பளம் கூட." அவன் மூக்கை உறிஞ்சினான். "இன்னா கொழம்பு? வாசன தூக்குது."

காசியம்மாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"பருப்புதான் சார்."

"சரி, நேரத்துக்கு வந்துரு" என்று கேசவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அவள் திரும்பியபோது சிநேகா தட்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் கழித்து வாயைத் திறந்தாள்.

"என் வூடுன்னா மட்டும் நெசம் சொல்லுவ. உன் வேலைன்னா பருப்பா?"

காசியம்மாள் சொல்லுவதற்கு இருந்ததெல்லாம் மகளுக்கும் தெரிந்ததுதான். அழுகை வந்தது, அழவும் அலுப்பாக இருந்தது. அப்படியே அடுப்பு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

சிநேகா தட்டை முன்னால் நகர்த்தினாள்.

"போடு இன்னும் ரெண்டு துண்டு" என்றாள். "பருப்பு நல்லாத்தான் கீது."