ஐம்பத்தொன்பதின் பின்விளக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு, அக்டோபர் மாதம் மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் புல்லின் மீது உறைபனி படிந்திருந்தது. நண்பகலுக்குள் அது உருகிவிட, ஏரிப் பக்கமிருந்து எழுந்த காற்று மேப்பிள் சருகுகளைத் தெருவெங்கும் ஓட்டிக்கொண்டிருந்தது. வானில் மேகம் ஏதும் இல்லை. இரண்டு வாரமாகக் காகிதம் ஒட்டி மறைக்கப்பட்டிருந்த கார் கடைகளின் கண்ணாடிகள் அன்று காலையில்தான் திறந்தன. உள்ளே, வரப்போகும் ஐம்பத்தொன்பதாம் வருடத்துக்கான வண்டிகள் விளக்கொளியில் நின்றன.

டெட்ராய்ட் நகரின் மேற்கே ஆல்டர் தெருவில் அந்த நாள் திருநாளுக்கு ஒப்பானது. தெருவில் பாதிப் பேர் ஹாலிடன் கார் கம்பெனியில் பணியாற்றியவர்கள். மேசை வேலை பார்த்தவர்களுக்குக் கம்பெனியே ஆண்டுதோறும் புது வண்டி கொடுக்கும். அன்று மாலை அவர்கள் அதனை வீட்டிற்குக் கொண்டுவந்து, பின்புறம் தெருவை நோக்கும்படி நிறுத்துவார்கள். ஒருவனுடைய நிலைமையை அறிய அத்தெருவில் எவரும் எதுவும் கேட்பதில்லை. வண்டியின் பின்விளக்கைப் பார்த்தாலே போதும். அவன் இவ்வருடத்து மனிதனா, சென்ற வருடத்து மனிதனா என்பது விளங்கிவிடும்.

வெர்னான் லாஸ்கி அன்று மாலை ஐந்தரை மணிக்குத் தன் வெள்ளை நிறப் பெலமோர் காரைப் பின்னோக்கிச் செலுத்தி, பின்புறம் அல்ல, முன்புறம் தெருவை நோக்கும்படி நிறுத்தினான். பிறகு தன் தவற்றை உணர்ந்து, இறங்காமலேயே வண்டியைத் திருப்பி நிறுத்தினான்.

அது ஐம்பத்தொன்பதாம் வருட வண்டி அன்று. வெர்னானுக்கு ஜூன் மாதமே வேலை போயிருந்தது. அந்த ஆண்டு கார்கள் விற்கவில்லை. வடிவமைப்புப் பிரிவில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். கடைசியாகக் கிடைத்த பணத்தில், தான் ஓட்டிவந்த ஐம்பத்தெட்டாம் வருட வண்டியை அவன் விலைக்கு வாங்கிக்கொண்டான். அதன் பின்னரும் நாள்தோறும் காலையில் கழுத்துப்பட்டை கட்டி, சாப்பாட்டுப் பையுடன் புறப்பட்டுச் சென்றான். தெருவில் உண்மை அறிந்தவர்கள் இருவரே. ஒருத்தி அவன் மனைவி ஆர்லீன். மற்றவர் அவனை அனுப்பிய மேலாளரும் தெருக்கோடியில் வசிப்பவருமாகிய டெல்மர் க்ரூகர். டெல்மர் வாய் திறக்கவில்லை. அதற்காக வெர்னான் அவருக்கு நன்றி பாராட்டினான்.

ஐம்பத்தொன்பதின் மாற்றங்களை வரைந்தவன் வெர்னானே. புது உடல் செய்யக் கம்பெனியிடம் பணம் இல்லாமையால், பழைய உடலின் மீது புது முகப்புக் கிரில், பக்கவாட்டில் ஒரு குரோம் பட்டை, வட்ட விளக்குக்குப் பதிலாகச் சாய்ந்த இலை போன்ற பின்விளக்கு என்று அவன் அமைத்தான். பழைய துளைகளிலேயே அனைத்தும் பொருந்த வேண்டும் என்பதில் அவன் உறுதியாக இருந்தான். துணைத் தலைவர் ஒருவர் அதற்காக அவன் கையைக் குலுக்கியதும் உண்டு. ஆகவே, வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு, தன்னை யாரும் அறியாத டொலீடோ நகருக்குச் சென்று உதிரிபாகக் கடையில் அவற்றை வாங்கினான். வெளியீட்டு நாளன்று அவ்வூரிலேயே வாடகைக் கொட்டகையொன்றில் ஒரு பகல் முழுவதும் உழைத்து மாட்டினான். வெள்ளை நிறம் ஆண்டுதோறும் மாறாமல் வருவது அவன் நல்வினை.

"அடேங்கப்பா! இது பின்விளக்கா, சினிமாக்காரி கண்ணா?" என்று கூவிக்கொண்டே முதலில் வந்தவர் அடுத்த வீட்டு லூயி ஸாபோ. அவர் ஹங்கேரியர்; ஊருக்குள் ரொட்டிக்கடை வைத்திருந்தார். கையில் சர்க்கரை தூவிய டோனட் தட்டு இருந்தது.

"உங்க வயசுக்கு அந்தக் கண்ணு எதுக்கு? முதல்ல உங்க மூக்குக்கண்ணாடி எங்கன்னு தேடுங்க," என்றாள் பின்னால் வந்த அவர் மனைவி இலோனா.

லூயி வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடி, அந்த ஓசையைத் தலையசைத்து ரசித்தார். அவரிடம் பச்சை நிறத்தில் ஐம்பத்தெட்டாம் வருடப் பெலமோர் ஒன்று இருந்தது; வாங்கி ஓராண்டுகூட நிறையவில்லை.

"கதவு சத்தமே வேற, வெர்ன். கனமா இருக்கு. என் பச்சை வண்டி இதுக்குப் பக்கத்துல, கல்யாணத்துக்குக் கூப்பிடாத சொந்தக்காரன் மாதிரி நிக்குது பாரு."

"உங்க வண்டிக்கு என்ன குறைச்சல், லூயி? இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"கேளுங்கய்யா! கார் கம்பெனிக்காரன் வாயில வர்ற பேச்சா இது? உன்னை வேலைய விட்டுத் தூக்கிடப் போறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னானும் சிரித்தான். ஆர்லீன் மட்டும் காப்பிக் கோப்பைகளை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

யாரேனும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு வாரமாக அவன் அஞ்சியிருந்தான். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எனினும், நிம்மதிக்குப் பதிலாக ஒருவகைக் கசப்பே அவன் நெஞ்சில் ஊறியது. பதினான்கு ஆண்டுகள் அவன் வரைந்தவை யாவும், இந்தக் கதவின் கனத்தைப் போலவே, பார்ப்பவரின் ஆசையில் மட்டுமே இருந்தனவோ?

அப்போது டெல்மர் வந்தார். அவர் நேராக வண்டியின் பின்புறம் சென்று குனிந்து, விளக்கின் விளிம்பைக் கட்டை விரலால் தடவினார். திருகாணிகளின் தலையிலிருந்த வெட்டுகள் நான்கும் தரைக்கு இணையாகக் கிடந்தன. தொழிற்சாலையில் இயந்திரத்தால் முடுக்கப்படும் திருகாணி எப்படி வேண்டுமானாலும் நிற்கும். இப்படி நேர்படுத்தி வைக்கும் பழக்கம் அந்தப் பிரிவில் ஒருவனுக்கே இருந்தது. டெல்மர் நிமிர்ந்து, கண்ணால் வெர்னான் வீட்டுக் கார்க் கொட்டகையைக் காட்டினார்.

"எவ்வளவு நேரம் பிடிச்சுது?" என்று உள்ளே சென்றதும் கேட்டார்.

"ஒரு பகல்."

"தனியாவா?"

"தனியாத்தான். டெல்மர், தயவு பண்ணி தெருவுல யார்கிட்டயும்..."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? திங்கக்கிழமை காலைல வா. கம்பெனி கேட்டுல என் பேரைச் சொல்லு."

அன்றிரவு உணவின்போது வெர்னான் அதனை மனைவியிடம் சொன்னான்.

"எதுக்குக் கூப்பிட்டான்னு கேட்டியா?"

"வேலைக்குத்தான். வேற எதுக்கு?"

"கேட்டியா?"

"கேக்கல."

"ஜூன்ல போகச் சொன்னப்பவும் ஏன்னு கேக்கல. அவன் வான்னா வர்றதுக்கும் போன்னா போறதுக்கும் நீ என்ன, அவன் வீட்டு நாயா?" என்றாள் ஆர்லீன். ஆயினும் திங்கட்கிழமை காலையில் அவன் கோட்டைத் தேய்த்து வைத்தவள் அவளே.

காவலாளி அவனை அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. ஒரு காக்கி மேலுடையைக் கொடுத்து, நகருக்கு வெளியே இருந்த பழைய குதிரைப் பந்தய மைதானத்துக்கு அனுப்பினான். அங்கே வரிசை வரிசையாக ஐம்பத்தெட்டாம் வருடப் பெலமோர்கள் நின்றன. கோடை முழுவதும் வெயிலில் கிடந்தவை அவை. கண்ணாடிகளில் சருகும் பறவை எச்சமும் படிந்திருந்தன. ஓரத்துக் கூடாரமொன்றில் புதிய விளக்குகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தன.

"ஒருத்தனும் வாங்காத வண்டிங்க," என்றார் டெல்மர். "இப்படியே வித்தா பாதி விலைகூடத் தேறாது. உன் விளக்கை மாட்டினா முழு விலை. ஆறு பேர் தர்றேன், எப்படின்னு காட்டிக் குடு."

"புதுசுன்னு சொல்லியா விப்பீங்க?"

"இதுல ஒண்ணாவது ஓடின வண்டியா? ஓடாத வண்டி புதுசுதானே?"

"கதவுத் தகட்டுல வருஷம் அடிச்சிருக்கே."

"அதைப் பாத்துக்க வேற ஆள் இருக்கான். நீ விளக்கைப் பாரு."

"இது சரியில்ல, டெல்மர்."

"வெள்ளிக்கிழமை உன் வீட்டு வாசல்ல நீ பண்ணினது சரியா இருந்துச்சா? அதையேதான் நான் கொஞ்சம் பெருசா பண்றேன். யோசனை உன்னோடது, பெருமைப்படு."

"என் மேஜை?" என்று கேட்டான் வெர்னான்.

"இதை முடி. பாக்கலாம்."

அவன் மேலுடையை அணிந்துகொண்டான். கிரிலையும் பட்டையையும் மற்றவர்களிடம் விட்டு, பின்விளக்குகளைத் தானே மாட்டினான். பழைய வட்ட விளக்கைக் கழற்றும்போதெல்லாம், வெயில் படாததால் வெளிறாத வண்டி நிறம் அதன் கீழே அடர்ந்த ஒரு வட்டமாகத் தெரியும். புதிய விளக்கு அதனை முழுவதுமாக மூடும். மூடுமாறு வரைந்தவன் அவனே அல்லவா? கைப்பழக்கத்தால் அவன் திருகாணிகளை நேர்படுத்தியே வைத்தான். வேண்டாமென்று எண்ணியும் விரல்கள் கேட்கவில்லை.

நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஆல்டர் தெருவில் நீண்ட ஒலிப்பான் சத்தம் கேட்டது. லூயி ஸாபோ வானநீல நிறத்தில் ஒரு பெலமோரில் வந்து இறங்கினார்.

"வெர்ன்! வெளிய வாய்யா! பச்சையைக் குடுத்துட்டேன். மேல கேட்ட பணத்தையும் குடுத்துட்டேன். ரொட்டிக்கடைக்குப் புது அடுப்பு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். இலோனா என்கூட மூணு நாளா பேசல, அது தனி லாபம்!"

வெர்னான் வண்டியின் பின்னால் சென்றான். நான்கு வெட்டுகளும் தரைக்கு இணையாக இருந்தன.

"சொல்லு, நல்லா இருக்கா? உன் வண்டியைப் பாத்துத்தான் நான் வாங்கினேன். நீ சொன்னாத்தான் எனக்குத் திருப்தி."

"நல்லா இருக்கு, லூயி," என்றான் வெர்னான்.

அன்று இரவு அவன் தட்டில் உணவு அப்படியே இருந்தது. ஆர்லீன் அந்தத் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"லூயி வண்டியும் உன் மைதானத்து வண்டியா?"

"ஆமா."

"போய்ச் சொல்லு."

"அதைச் சொன்னா நம்மளுதும் தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே."

"அப்புறம் இந்தத் தெருவுல எப்படி நடக்கறது?"

"மத்தவங்க நடக்கற மாதிரி, காலால."

அவன் போகவில்லை. மைதானத்து வேலை முடிந்து மேஜை கிடைத்துவிட்டால், லூயிக்கு ஏதேனும் ஒரு வகையில் ஈடு செய்துவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

நவம்பர் இருபத்தொன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, நண்பகல் கடந்து கடைசி வண்டியும் மைதானத்தை விட்டுச் சென்றது. டெல்மர் வரவில்லை. காவலாளிதான் வந்து, மேலுடையைக் கழற்றித் தருமாறு கேட்டான்.

"க்ரூகர் எதாவது சொல்லி அனுப்பினாரா?"

"மேலுடைய மறக்காம வாங்கிக்கன்னு சொன்னார்."

அந்த ஐந்து மாதங்களில் முதல் முறையாக வெர்னான் வேலை முடியும் நேரத்துக்கு முன்பே வீடு திரும்பினான். லூயி தன் வண்டியை மென்தோல் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாலையில் அடுப்பு மூட்டுபவராதலின், இருட்டுவதற்குள் படுத்துவிடுவது அவர் வழக்கம்; அதற்கு முன்பு வண்டியைத் துடைப்பது புதிய வழக்கம்.

"என்ன இவ்வளவு சீக்கிரம்? ராஜினாமா பண்ணிட்டியா?"

"வேலை போயிடுச்சு, லூயி. ஜூன்லயே போயிடுச்சு."

லூயி சிரிக்கத் தொடங்கி, அவன் முகத்தைக் கண்டு நிறுத்தினார். "ஜூன்லயா? உன் வண்டியப் பாத்தா அப்படித் தெரியலையே."

வெர்னான் சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து, லூயியின் வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டான்.

"ஏய், என்ன பண்றே? புது வண்டி!"

நான்கு திருகாணிகளும் கழன்றன. இலை வடிவ விளக்கு கம்பியில் தொங்கிற்று. அதனடியில், வெளிறாத நீலத்தில் ஒரு முழு வட்டம் தெரிந்தது.

லூயி அருகில் குனிந்தார். விரலை அந்த வட்டத்தின் மீது மெல்ல ஓட்டினார். "இது என் பச்சை வண்டில இருந்த விளக்கோட வட்டம்."

"அதேதான்."

"அப்ப நான் என்ன வாங்கினேன்?"

"நீங்க குடுத்ததையே வாங்கினீங்க. விளக்கு மட்டும் வேற. மாட்டினது நான்."

"உன்னுது?"

"அதுவும்."

லூயி அடிப்பார் என்று வெர்னான் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாறாக, லூயி தலையைத் திருப்பி முதலில் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். இலோனா திரைக்குப் பின்னால் நடமாடிக்கொண்டிருந்தாள். பிறகு தெருவைப் பார்த்தார்.

"மாட்டு," என்றார்.

"என்ன?"

"விளக்கைத் திரும்ப மாட்டு. சீக்கிரம்."

"லூயி, கடைக்காரன்கிட்ட போவோம். நானே வந்து சாட்சி சொல்றேன்."

"சொல்லி? பழைய வண்டியக் குடுத்துப் பழைய வண்டி வாங்கின ஹங்கேரியன்னு ஊரே சிரிக்கவா? அடுப்பு வேணாம்னு நான் வாங்கினது இது. அவகிட்ட நான் என்னடா சொல்லுவேன்? மாட்டுடா!"

வெர்னான் மாட்டினான். அவசரத்தில் கடைசித் திருகாணி கோணலாக நின்றது.

"முன்ன நேரா இருந்துச்சு. நேரா வை," என்றார் லூயி.

அவன் நேராக வைத்தான். எதிர் வீட்டுக்காரர் தபால்பெட்டியைத் திறக்க வந்தவர், அங்கிருந்தே கையை உயர்த்தினார். "புது வண்டி எப்படி ஓடுது, லூயி?"

"வெண்ணெய் மாதிரி!" என்று லூயி உரத்த குரலில் சிரித்தார். பின்னர், வெர்னான் இன்னும் மண்டியிட்டிருந்த பக்கம் திரும்பாமலேயே துணியை மடித்தார்; படியேறிச் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. அதன் பின்னர் அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு ஒரு டோனட் துண்டும் வரவில்லை. தாழ்ப்பாள் விழுந்தபோது மணி மாலை நான்கு ஐம்பத்திரண்டு.