எல்லாவற்றுக்கும் ஐந்து

பாரிவாக்கத்து வீட்டில் ஹவில்தார் அழகேசன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தன் வாழ்க்கைக்குத் தானே மார்க் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கெல்லாம் ஐந்து. பக்கத்தில் நின்ற அவர் மனைவி சரசாவுக்கு வயிறு எரிந்தது.

கேட்க வந்தவள் லாவண்யா. முதுகுத்தண்டு அடிபட்டு முடங்கிய பட்டாளத்துக்காரர்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையின் ஊழியர். ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீடு வீடாகப் போய், அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று டேப்லெட்டில் பதிந்துகொண்டிருந்தாள். ஐந்து என்றால் சௌகரியம், ஒன்று என்றால் மோசம். மிகக் குறைவாக மார்க் வருகிற நான்கு வீடுகளுக்கு மட்டும் தினமும் ஓர் ஆள் வந்து, தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டிவிட்டுப் போவார்.

இதை முந்தின நாளே சரசா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மனுஷன் தலையை நன்றாக ஆட்டினார். ஆட்டிவிட்டு இப்போது, தூக்கம் எப்படி என்றால் ஐந்து. வலி உண்டா என்றால் கிடையவே கிடையாதாம். முதுகு நெருப்பாக எரிகிறது என்று தினமும் தலையணையைக் கடிக்கிறவர் யாராம்?

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபத்தோரு வருஷம், பெரிய அதிகாரி வரிசையைப் பார்வையிட்டு வந்து ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்கும்போதெல்லாம், நெஞ்சை நிமிர்த்தி "இல்லை சாப்" என்று சொல்லிப் பழகிய வாய். அருணாசலப் பிரதேசத்தில் லாரி பள்ளத்தில் உருண்டு முதுகு முறிந்து கிடந்தபோதும், பார்க்க வந்த கர்னலிடம் அதையேதான் சொன்னாராம். லாவண்யாவிடம் மட்டும் மாற்றிச் சொல்லிவிடுவாரா?

"உங்களைப் பாத்துக்கறவங்களுக்குச் சிரமம் ஏதாவது இருக்கா சார்?"

அழகேசன் சிரித்தார். "இவளுக்கா? இவ இரும்பும்மா. அதுக்கும் அஞ்சு போட்டுக்கோ."

பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் சரசாவுக்குத் தாங்கவில்லை. அவருடைய வலிக்கு அவர் என்ன மார்க் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். இவளுடைய வலிக்குப் போட அவர் யார்? இரண்டு மாதமாகக் கால் சுளுக்கு என்று அவரிடம் மழுப்பி வந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள்.

"பொய்மா அது. என் இடுப்பு ஜவ்வு பிதுங்கிக்கினு கீது. பதினோரு வருசமா இவரத் தூக்கித் தூக்கித்தான் இப்புடி ஆச்சு. இன்னமும் தூக்குனா நீயும் படுத்துக்குவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. என்னால முடியலம்மா."

அழகேசன் அவள் இடுப்பைப் பார்த்தார். பதினோரு வருஷம் அந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் போய்வந்துகொண்டிருந்தார். லாவண்யா ஐந்தை அழித்து ஒன்று போட்டாள். அடுத்த கேள்வியைப் பார்த்ததும் தயங்கினாள். வேறு வழியில்லாமல் படித்தாள்: குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறோம் என்று நினைப்பதுண்டா?



"எப்பவும்," என்றார் அழகேசன். "மொதல்லேர்ந்து திரும்பக் கேளும்மா. சரியாச் சொல்றேன்."

மறுபடி கேட்டாள். தூக்கம் ஒன்று. வலி ஒன்று. எல்லாவற்றுக்கும் அதே தணிந்த குரலில் பதில் வந்தது. முடித்துவிட்டுக் கிளம்பும்போது, இந்த வீடு பட்டியலில் நிச்சயம் வரும், அடுத்த மாதம் ஆள் வந்துவிடும் என்று லாவண்யா வாசலில் சரசாவிடம் சொன்னாள். கேட்டது கிடைத்துவிட்டது. சரசாவுக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

உள்ளே வந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனியும் உட்கார்ந்தால் புண் வந்துவிடும். குனிந்து, வழக்கம்போல அவர் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்தாள்.

அவர் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"வேணாம் சரசா. ஆள் வரட்டும்."

"அடுத்த மாசந்தாங்க வருவாங்க."

"வரட்டும். நான் இப்புடியே குந்திகினு கீறேன்."