மீசை வைத்த குளவி

அந்தக் குளவி முற்றுப்புள்ளியைவிடச் சிறியது. புழுக்களின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கும். அதில் இரண்டு இனம். ஒன்றுதான் முட்டைக்கோசுப் புழுவின் முட்டையைத் தேடிப் போகும், மற்றது சீண்டாது. பெண் குளவிகள் இரண்டிலும் அச்சு அசல் ஒன்றே. ஆணின் வால்நுனியைப் பார்த்தால்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். பூச்சி ஆராய்ச்சியாளரான அவள் ஆய்வகத்தில் வளர்த்த குழாய்களிலோ மூன்று மாதமாக ஓர் ஆண்கூடப் பிறக்கவில்லை.

ஊரில் முட்டைக்கோசு பயிரிடும் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "என்னம்மா, குளவி அனுப்புறியா, மருந்தடிக்கட்டுமா? தோட்டம் பூரா முட்டை."

"ஒரே ஒரு ஆண் கிடைக்கட்டும்ணே."

"உனக்கு மாப்பிள்ளை தேடினப்பகூட இவ்வளவு இழுக்கலயே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் மருந்தடித்து, பத்து நாள் மூச்சிரைப்போடு படுத்திருந்தவர் அண்ணன். தவறான இனத்தை அனுப்பினாலோ விளைச்சலே போய்விடும்.

"நாளைக்குச் சொல்லு. அதுக்கு மேல தாங்காது" என்று வைத்துவிட்டார்.

எரிச்சலோடு திரும்பினால், ஓரத்தில் இருந்த குளவிக் குழாய்ப் பெட்டியைக் காணோம். குளிர்பதனப் பெட்டியின் தலையில் இருந்தது.

"யாரு இதை இங்க வெச்சது?"

அறை கூட்டும் அக்கா நிமிர்ந்தார். "நான்தாம்மா. ஏசி காத்து நேரா அதுமேலயே அடிக்குது. ஒரு மாசமா சாயங்காலம் இங்க வெச்சுட்டு, காலையில நீங்க வர்றதுக்குள்ள எறக்கிடுவேன். இங்க கதகதன்னு இருக்கும். இன்னிக்கு மறந்துட்டேன்."

"இருபத்தஞ்சு டிகிரி தாண்டக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கேன்ல! பூச்சிக்குப் போர்வையும் போத்துவீங்களா?"

"வாயில்லா ஜீவனாச்சேன்னு..." அக்கா துடைப்பத்தோடு வெளியே போய்விட்டார்.

சூடுபட்டுக் கெட்டிருக்கும் என்று குப்பையில் போடுமுன், வழக்கப்படி ஒரு குழாயை நுண்ணோக்கியில் வைத்தாள். உணர்கொம்பு முழுக்க, பெண்ணுக்கு இராத நீண்ட முடியோடு ஒன்று ஊர்ந்தது. ஆண்!

இந்தக் குளவிகளின் உடலில் வாழும் ஒரு கிருமி, பிறப்பதையெல்லாம் பெண்ணாக்கிவிடும். சில தலைமுறைகள் வெப்பத்தில் வளர்ந்தால் அது அடங்கும். அவள் படித்ததுதான். ஆனால் தானே ஒட்டிய விதியை மீறிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அக்காவின் இரக்கத்துக்கோ அந்தச் சீட்டு கண்ணில் படவில்லை.

வால்நுனியைப் பிரித்து மூன்று முறை பார்த்தாள். அண்ணனுக்கு வேண்டிய இனமேதான்.

தொலைபேசியை எடுத்தவள், கீழே வைத்துவிட்டு மாடிப்படிக்குப் போனாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா. உள்ள வந்து ஒண்ணு பாருங்க."

அக்கா தயங்கித் தயங்கி வந்து, நுண்ணோக்கி வழியே இன்னொரு குழாயைப் பார்த்தார்.

"அட! இவன் மீசை வெச்சிருக்கான்!"