தனி வளை

“உனக்கு என்ன பேரு போடட்டும்?” என்று அவர் கேட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிட்டார். “வீடுன்னு போட்டுடறேன். இந்த வீடுன்னா நீதானே?”

“அப்போ பூனைக்கு?”

“பூனைக்குப் பூனை பேருதான். அதுக்கு வேற என்ன போடறது?”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். “சரி” என்றாள்.

பாப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், வீட்டில் ஒவ்வொருவருக்கும் அவர் மெயில் முகவரி போட்டபோது நடந்த பேச்சு அது. இன்று காலை அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடும்போது எதற்காகவோ நினைவுக்கு வந்தது. அவருக்குக் கடைசியாகப் போட்டு அனுப்பப்போகிற சட்டை. லிஃப்ட் மெக்கானிக்கின் சட்டை என்பதால், எத்தனை முறை துவைத்தும் வலது கைமடிப்பில் கிரீஸின் நிழல் போகவில்லை. அவள் அந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, துணி கருகிடும். குடு என்கிட்ட.” விடியற்காலை ரயிலில் வந்து இறங்கிய பாப்பாவுக்கு முகம் வீங்கியிருந்தது. வேலைக்குப் போய், கல்யாணமாகி, காதோரம் நரையும் வந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான்.

“கருகாதும்மா. உங்கப்பாவோட சட்டை. அவரை மாதிரியே, சொன்னாலும் கேக்காது, சுட்டாலும் கேக்காது.”

முன்னறையில் அவர் படுத்திருந்தார். கொழுந்தன் வாடகை நாற்காலிகளை வாசலில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். “எல்லாருக்கும் மெயில் போயாச்சு அண்ணி. அண்ணன் அட்ரஸ் புக்ல இருந்த ஒருத்தரையும் விடல. அவரோட சொந்த சர்வர்லேர்ந்தே போயிருக்கு. நம்ம போஸ்ட்மாஸ்டருக்கு அதுதானே மரியாதை?”

போஸ்ட்மாஸ்டர் என்பது கொழுந்தன் வைத்த பட்டம். ஊர் உலகமெல்லாம் இலவசமாகக் கிடைக்கிற மெயிலில் இருக்க, அவர் மட்டும் தனக்கென்று ஒரு மெயில் சர்வர் நடத்தினார். எங்கோ ஒரு கம்பெனியின் பெரிய கணினியில் ஒரு சின்னப் பங்கை வாடகைக்கு எடுத்து, அதில் குடும்பத்துக்கு மட்டும் ஒரு தபால் நிலையம். “ஓசில இடம் குடுக்கிறவன் உன் கடிதத்தை உனக்கு முன்னாடி படிப்பான்” என்பார். “எலி வளையானாலும் தனி வளை வேணும்.”

அவருக்கு அவர் பேரில் முகவரி. தம்பிக்குத் தம்பி பேரில். பாப்பாவுக்குப் பாப்பாவின் முழுப் பேரில். பூனைக்கும் உண்டு. அவளுக்கு வீடு.

மின்கட்டணம், தண்ணீர் வரி, எரிவாயு, காப்பீடு எல்லாம் வீட்டுக்கு வந்தன. ஒரு முறை அவளுடைய கல்லூரித் தோழி நீளமாக ஒரு மெயில் எழுதியிருந்தாள். கணவனை விட்டுப் பிரிந்துவந்த கதை. அவர் சாப்பாட்டு மேசையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, செய்தித்தாள் வாசிப்பதுபோல அதை உரக்க வாசித்தார். பாப்பா வாயைப் பிளந்து கேட்டாள். அவரிடம் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. வீட்டுக்கு வந்ததை வீட்டுக்கே வாசித்துக்காட்டினார். தோழியிடம், இனிமேல் எழுதாதே, பார்க்கும்போது பேசிக்கொள்வோம் என்று அவள் சொல்லிவிட்டாள். பார்க்கிற வேளை பிறகு வரவேயில்லை.

அன்றைக்கே கேட்டிருக்கலாம், எனக்கு என் பேரில் ஒன்று போட்டுக்கொடுங்கள் என்று. மறுக்கிற மனிதர் இல்லை. ஆனால் ‘வீடுன்னா நீதானே’ என்று ஒருவர் தங்கத்தை நீட்டுகிற மாதிரி நீட்டும்போது, எனக்கு வெள்ளிதான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் அக்கா என்பார்கள். கொழுந்தனுக்கு அண்ணி. அவருக்கு ‘ஏம்மா’. தன் பேரைக் கடைசியாக யார் சொன்னார்கள் என்று யோசித்தால், மருத்துவமனை நர்ஸ்தான். அதுவும் தப்பாகச் சொன்னாள்.

அவருக்கு நுரையீரல் கெட்டுப்போன சமயத்தில், இடம் கொடுத்திருந்த கம்பெனியும் கடையை மூடப்போவதாக அறிவித்தது. வேறு இடம் பார்க்க வேண்டும். கட்டிலைவிட்டு எழ முடியாதவர் அதற்குப் பிறகு வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. அவருக்கு விரல்கள் ஒத்துழைக்காததால் அவர் சொல்ல, அவள் தட்டினாள். ஒவ்வொரு கம்பெனியின் பக்கத்தையும் அவள் வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு குறை கண்டுபிடித்தார்.

“இவன் வெளிய போற வாசலையே பூட்டி வச்சிருக்கான். கடிதம் உள்ள வரும், வெளிய போகாது.”

“பூட்டைத் திறக்க மாட்டானா?”

“சிலபேரு கேட்டா திறப்பான். கேக்கணும்.”

“இந்தா, இவன் பூட்டே போடலயாம். ரொம்ப மலிவு வேற.”

“அது சத்திரம்மா. எவன் வேணா வந்து படுப்பான். மோசடிக்காரன்லாம் அங்கதான் இருப்பான். பக்கத்துல திருடன் குடியிருந்தா, நம்ம வாசல்லயும்தானே போலீஸ் நிக்கும்? வீடு நல்லாருக்கான்னு அப்புறம் பாரு, முதல்ல அக்கம்பக்கம் பாரு.”

“மாப்பிள்ளை பாக்கும்போதுகூட நீங்க இவ்ளோ விசாரிக்கல.”

“மாப்பிள்ளை சரியில்லன்னா பாப்பா நாலு வார்த்தை திட்டிப்பா. கடிதம் தொலைஞ்சா யாரைத் திட்டுவே?”

மூன்றாவதாகப் பார்த்த கம்பெனியை மட்டும் அவர் தள்ளவில்லை. சின்னக் கம்பெனி. எழுதிக் கேட்டால் மனிதர்களே பதில் போட்டார்கள். நேற்று மத்தியானம் அவர்களுடைய பதில் வந்தபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “புது இடத்துக்குப் போனதும் உனக்கு...” என்று தொடங்கினார்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “எனக்கு?”

இருமல் வந்து அடங்கியது. “உனக்கு... கரண்ட் பில்லு ஒழுங்கா வரும்.”

“வரட்டும்” என்றாள். மெயிலை வாசித்தாள். வெளி வாசலைத் திறந்துவிடுகிறோம். உங்கள் இடத்தின் எண்ணைச் சொல்லி யாராவது விசாரித்தால் உங்கள் பேரையே சொல்லும்படி பதிந்துவைக்கிறோம். “பேரு சொல்லுவானாம்ங்க. நல்லதுதானே அது?”

பதில் வரவில்லை. அவர் வழக்கம்போல் யோசிக்கிறார் என்று நினைத்து, அவள் இன்னும் இரண்டு வரிகள் வாசித்தாள்.

மாலை கொழுந்தன் வந்து, அழுது முடித்து, அண்ணன் போன சேதி அண்ணன் முகவரியிலிருந்துதான் போகவேண்டும் என்று கணினிமுன் உட்கார்ந்தான். பழைய இடத்தை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள். எந்தக் கம்பெனி உடனே கொடுக்குமோ அதில் எடுத்தான். அதன் பேரைச் சொன்னபோது அவளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் அப்போது அவள் அவருடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று வாசலில் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

பக்கத்து வீட்டார் வந்தார்கள். நான்கு உறவுக்காரர்கள் வந்தார்கள். கண்ணாடிக் கடை முதலாளி கடையை அரைநாள் மூடிவிட்டு வந்தார். கணவரோடு லிஃப்ட் வேலை செய்தவர்கள் ஒருவரும் இல்லை. ராத்திரி பகலாக அவரோடு எழுதிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து ஒரு வரி இல்லை. “போன் பண்ணியிருக்கணுமோ?” என்று கொழுந்தன் முணுமுணுத்தான். கிளம்புகிற நேரம் வந்ததும் வண்டி கிளம்பிவிட்டது. வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இவ்வளவுதானா, இவ்வளவு பேர்தானா என்று அவள் நினைத்துக்கொண்டே போனாள். அவருடைய கைமடிப்பு அவள் முழங்காலில் உரசிக்கொண்டே வந்தது.

எல்லாம் முடிந்து திரும்பி, நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் ஆரஞ்சுப் பழப் பையோடு வாசலில் வந்து நின்றார். கணவரோடு வெகுகாலம் ஒரே லிஃப்ட் கூண்டில் தொங்கி வேலை பார்த்தவர்.

“என்னம்மா, வீட்டுல விசேஷமா? நாற்காலியெல்லாம் போகுது. எங்க நம்மாளு? இப்பவாவது எழுந்து உட்கார்றானா?”

பாப்பாதான் போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் பையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் அடுத்த தெருதானே?”

“மெயில் போட்டேனே அண்ணே” என்றான் கொழுந்தன்.

“வரலயேப்பா.”

கொழுந்தன் அவர் கைபேசியை வாங்கித் தேடினான். கடைசியில் குப்பை மெயில் பெட்டிக்குள் இருந்தது. மேலே யாரோ லாட்டரியில் கோடி விழுந்ததாக வாழ்த்தியிருந்தான். கீழே ஒரு வாரத்தில் தொப்பை கரைக்கும் மருந்து. நடுவில் அண்ணனின் பேரும், ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்ற தொடக்கமும். அவன் தன் அலுவலகப் பெட்டியைப் பார்த்தான், பாப்பா தன் அலுவலகப் பெட்டியைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் குப்பையில்தான்.

“வாழ்நாளெல்லாம் ஒரு கடிதம்கூடக் குப்பைக்குப் போகாம பாத்துக்கிட்டாரே” என்றான் கொழுந்தன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் அவன் அருகில் போனாள். “அழாத தம்பி. அந்த இடத்தை அவரு வேணாம்னு சொல்லியிருந்தாரு. சத்திரம்னாரு. நேத்து நீ பேரு சொன்னப்ப எனக்கும் புத்தியில ஏறல.”

“விடுங்க அண்ணி. இனிமே யாருக்கு இதெல்லாம்? எல்லாரும் ஓசி மெயிலுக்கே போயிடுவோம். நானே மாத்தித் தரேன்.”

“வேணாம்.” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “மூணாவதா ஒரு கம்பெனி இருக்கு. நேத்து பதில் போட்டிருக்காங்க. அதுல எடு. எல்லாருக்கும் திரும்ப எழுதணும். வரலன்னாலும் பரவால்ல, அவரு போயிட்டாருன்னு அவங்களுக்குத் தெரியணும்.”

கொழுந்தன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பெரியவர் போக மனமில்லாமல் முன்னறையில் உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளைசுளையாகப் பாப்பாவிடம் நீட்டிக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து சீக்கிரமே பதில் வந்தது. வெளி வாசலைத் திறந்துவிட்டார்கள். கடைசி வரியில், நேற்றுக் கேள்வி கேட்டவரை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள்.

“முகவரியெல்லாம் ஒண்ணொண்ணா போடறேன் அண்ணி. அண்ணனோடது... இருக்கட்டுமா?”

“இருக்கட்டும்.”

“என்னோடது. பாப்பாவோடது. பூனை... அது செத்தே எத்தனையோ வருஷமாச்சு.”

“அது இருக்கணும் சித்தப்பா” என்றாள் பாப்பா, வாயில் சுளையோடு. “அதுக்கு இன்னும் மீன்கடை விளம்பரம் வருது.”

யாரோ சிரித்தார்கள். பெரியவராக இருக்க வேண்டும். பிறகு அந்தச் சிரிப்பும் எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது.

“அப்புறம் வீடு. அவ்வளவுதானே அண்ணி?”

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் அந்தச் சின்னக் கோடு தோன்றித் தோன்றி மறைந்தது. உள்ளறைக் கட்டில் விரிப்பில்லாமல் கிடந்தது.

“இரு தம்பி, முடிச்சிடாத” என்றாள். “வீடு அப்படியே இருக்கட்டும், பில்லெல்லாம் அதுல வரட்டும். எனக்குன்னு தனியா, என் பேருல ஒண்ணு போட்டுக் குடு.”