சர்வரில் ஒரு பிரதி

மெயிலுக்குப் பாப் வேண்டுமா, ஐமேப் வேண்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டுவிட்டுக் காத்திருந்தது. முஹ்ஸினா மவுஸின் மேல் கையை வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மலையைக் காணோம். ஆனி பிறந்ததிலிருந்து பாதி நாள் இப்படித்தான். மேகம் இறங்கி மலையை மூடிவிடும், கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில் அடிக்கும், வெயிலின் கூடவே சாரலும் வரும். அந்தக் காற்றில் உட்கார்ந்தால் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லத் தோன்றாது. சீசனில் தென்காசிக்காரர்கள் பாதித் தூக்கத்தில் நடமாடுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவதில் உண்மை இல்லாமல் இல்லை.

இலஞ்சி போகிற சாலையில் அவர்கள் வீடு. மாடி அறைகளைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது முஹ்ஸினாவின் பொறுப்பு. பதிவெல்லாம் மெயிலில்தான் வரும். காற்று பலமாக அடித்தால் கேபிள் அறுந்து நெட் போய்விடும், நெட் போனால் யாருக்கு எந்த அறை என்று பார்க்க வழியில்லை. போன வாரம் சிவகாசியிலிருந்து ஒரு குடும்பமும் மதுரையிலிருந்து ஒரு குடும்பமும் ஒரே அறைக்கு வந்து நின்றபோது, அந்தக் குளிர்காற்றிலும் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. போதாததற்கு மெயில் பெட்டியும் நிரம்பி, புதிதாக வருபவை வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தன. அதனால்தான் மெயிலுக்கென்று தனியாக ஒரு புரோகிராமை ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டர் கடை அபர்ணாவுக்குப் போன் போட்டிருந்தாள்.

"பாப்னா, மெயிலை அங்கன சர்வர்ல இருந்து எடுத்துட்டு வந்து ஒங்க வீட்டுக்குள்ளயே வச்சிரும்க்கா. நெட் இல்லாட்டியும் படிக்கலாம். ஐமேப்னா மெயில் அங்கனயேதான் இருக்கும். நீங்க எட்டிப் பாக்குத மாதிரி. ஆனா போன்ல பாத்தாலும் கம்ப்யூட்டர்ல பாத்தாலும் ஒண்ணுபோலத் தெரியும்."

"பெட்டி நெறஞ்சுபோச்சே, அபர்ணா."

"அப்பம் பாப் போடுங்க. சர்வர்ல ஒரு பிரதி இருக்கட்டுமான்னு ஒரு கட்டம் வரும். டிக் எடுத்து விட்டுட்டா அங்கன காலியாயிரும். பொறவு மனசு மாறிச்சின்னா அதே மெயிலை ஐமேப்ல இன்னொரு தடவ சேத்துக்கிடலாம். இங்கன இருக்கத இழுத்து மேல விட்டா, திரும்பப் போயிரும்."

எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குள்ளேயே வைத்துவிடும் என்ற பேச்சு முஹ்ஸினாவுக்குப் பிடித்துப்போனது. கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய வாழ்க்கையில் முக்கியமானதெல்லாம் எங்கோ தூரத்தில்தான் இருந்திருக்கிறது. அவள்தான் எட்டி எட்டிப் பார்த்திருக்கிறாள். பாப்பைத் தேர்ந்தெடுத்தாள். கட்டத்தில் இருந்த டிக்கையும் எடுத்துவிட்டாள். இத்தனை வருஷத்து மெயில்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகமாக இருந்தது.

அந்த மெயில் முகவரி அவளுக்கும் அவள் கணவன் மன்சூருக்கும் பொது. மன்சூர் முதல்தடவை சவூதியில் தமாமுக்கு வேலைக்குப் போகும்போது பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ஆரம்பித்தது. அவர்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். குடும்பத்துக்கு ஒரு ரேஷன் கார்டு, ஒரு மெயில். விசா, டிக்கெட், மகள் சஃப்ரினின் காலேஜ் சமாச்சாரம் எல்லாம் அதில்தான் வரும். பழையதையெல்லாம் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டதாக அவள் சொன்னபோது மன்சூர் ஒன்றுதான் கேட்டான்.

"புதுசா வந்தா என் போன்ல தெரியும்லா?"

"தெரியும் மச்சான்," என்றாள். தெரியும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

அவன் எதற்குக் கேட்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒப்பந்தம் முடிந்து ஊர் வந்தவனை மறுபடி கூப்பிடுவதாகப் பழைய கம்பெனி சொல்லியிருந்தது. மேனேஜர் ரவி மெயில் அனுப்புவார். வந்துவிட்டால் மன்சூர் போய்விடுவான். நோன்புக்கு முன்னால் வந்தவன், இன்னும் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிதான் நாற்காலி நுனியில் உட்காருகிறான். ஆனாலும் அவன் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்கிறது. குளியலறையில் வாளி நிறைகிற சத்தத்துக்கு நடுவில் அவன் இருமுகிறான். முஹ்ஸினா அடுப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிறங்கிப்போவாள். சில நேரம் பால் பொங்கி வழிந்த பிறகுதான் சுயநினைவு வரும்.

அவன் போகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அதைச் சொல்கிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. பிழைப்புக்குக் கிளம்புகிறவனை வாய்ச்சொல்லால் தடுப்பது ஆகாது என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கார் வந்து நிற்கும், பெட்டி ஏறும், உள்ளே இருந்தபடி "போயிட்டு வாங்க" என்பார்கள். அழுகையைக்கூடக் கார் முக்குத் திரும்பிய பிறகுதான் அழுவார்கள். முஹ்ஸினாவும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் வழியனுப்பினாள். வேறு எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மன்சூர் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். பள்ளிக்குப் போகும்போது போனை அணைத்துவிடுவது அவன் பழக்கம். முஹ்ஸினா கம்ப்யூட்டரில் அறைப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பதிவுகளுக்கு நடுவே கம்பெனியின் மெயில் வந்து கிடந்தது. அதே வேலை, அதே இடம். சம்மதம் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.  அவன் திரும்பி வந்து போனைத் திறந்தான், பார்த்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பாப் அதை எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குள் வைத்துவிட்டது. சர்வரில் பிரதி இல்லை. அந்த மெயில் இந்த உலகத்தில் இந்த ஒரு மேசையின் மேல் மட்டும்தான் இருக்கிறது.

சொல்லியிருக்கலாம். "மச்சான், இங்கன வந்து பாருங்க" என்றால் முடிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள், காலையில் சொல்லலாம் என்று நினைத்தாள். பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டாள். திருடவில்லை, மறைக்கவில்லை, அதுவாக வந்து கிடக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் அவளுக்கே ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எல்லாம் சாரலுக்குள்ளேயே கழிந்தன. மன்சூர் ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தான். மங்குஸ்தான் வாங்கிவந்து ஓட்டை உடைத்து, வெள்ளைச் சுளைகளை அவள் முன்னால் ஒரு கிண்ணத்தில் வைத்தான். ஒரு மத்தியானம் மேகம் சாலை வரைக்கும் இறங்கிவிட்டது. எதிர் வீடு தெரியவில்லை. போகிற பஸ்ஸின் ஹாரன் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்தது. அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து தூங்கிப்போனான். வாய் லேசாகத் திறந்திருந்தது. முஹ்ஸினா எதிரே தரையில் உட்கார்ந்து அவனையே பார்த்தாள். உலகமே இந்த அறையளவுக்குச் சுருங்கி நின்றுவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பக்கத்து அறையில் கம்ப்யூட்டரின் காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார்கள். கூட்டம் இன்னும் சேரவில்லை. பெண்கள் பக்கத்தில் முஹ்ஸினா தண்ணீருக்குத் தலையைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். காதுக்குள் இரைச்சல் நிறைந்து, தான் யார், எதை ஒளித்து வைத்திருக்கிறோம் என்பதையெல்லாம் கொஞ்ச நேரத்துக்குக் கழுவிக்கொண்டு போனது. வெளியே வந்தபோது மன்சூர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாறையோரமாக நின்றிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு பேரும் சூடாகச் சுக்குக்காப்பி வாங்கிக்கொண்டார்கள்.

"கூப்பிடல, பாத்தியா," என்றான் திடீரென்று.

"யாரு?"

"கம்பெனிதான். கூப்பிட்டா போகவா வேண்டாமான்னு யோசிக்கணும்னு இருந்தேன். யோசிக்கதுக்கே விடல." டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு பேசினான். "இத்தன வருஷம் அங்கன கெடந்து ஒழைச்சிருக்கேன். அப்படி ஒருத்தன் இருந்தாங்கிறதே எவனுக்கும் ஞாபகம் இல்ல போல. வயசாயிட்டு, இவன் எதுக்குன்னு நெனச்சிருப்பான்வ. நெசந்தானோ என்னமோ."

சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. முஹ்ஸினா டம்ளரைப் பாறையின் மேல் வைத்தாள். அவனைத் தன்னோடு வைத்துக்கொண்டதாக அல்லவா அவள் நினைத்திருந்தாள்! இப்போது பார்த்தால் அவனிடமிருந்து பெரிய ஒன்றைப் பிடுங்கிவிட்டாள். அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன் என்றோ, முடியாது என்றோ சொல்ல வேண்டியவன் அவன். அந்த வாயை அவள் அடைத்துவிட்டு, மங்குஸ்தான் தின்றுகொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. ஆட்டோவில் திரும்பும்போது ஈரத் தலைமுடி முதுகை நனைத்துக்கொண்டே வந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மன்சூர் துவைத்த துண்டுகளைக் காயப்போட மாடிக்குப் போனான். முஹ்ஸினா ஈரச் சேலையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பாப்பை நிறுத்திவிட்டு, அதே முகவரியை மறுபடி சேர்த்தாள். பாப் வேண்டுமா, ஐமேப் வேண்டுமா என்று அது மறுபடி கேட்டது. இந்தத் தடவை அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஐமேப். புதுப் பெட்டி வெறுமையாகத் திறந்தது. கம்பெனியின் மெயிலைப் படிக்காதது என்று குறித்து, இழுத்து, அந்தப் பெட்டியில் விட்டாள். அது போய் உட்கார்ந்தது. ஆனால் பக்கத்தில் தேதி செவ்வாய்க்கிழமை என்றே நின்றது. மாற்ற வழியுண்டா என்று ஒரு கணம் தேடினாள். பிறகு தேடிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையாகவே இருக்கட்டும்.

மாடியில் போன் சின்னதாக ஒரு சத்தம் போட்டது.

அவன் இறங்கி வரட்டும் என்று அடுப்படிக்குள் போயிருக்கலாம். அவள் படியேறினாள். மன்சூர் தோளில் இன்னும் காயப்போடாத துண்டுகளோடு நின்று படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் கண்ணெதிரேதான் வந்தது. பிறகு அவன் நெற்றி சுருங்கியது.

"செவ்வாக்கிழமைன்னு போட்டிருக்கு."

"ஆமா. எங்கிட்டதான் கெடந்துச்சு. கம்ப்யூட்டர் அதுவா இழுத்திட்டு. பாத்துட்டும் நான் சொல்லல."

அவன் அவளைப் பார்த்தான். கோபமா, கோபத்துக்கு முந்தைய ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஏன் என்று கேட்கப் போகிறான். கேட்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குப் பரபரப்பாக இருந்தது.

"போகாதீங்க மச்சான்."

சொல்லிவிட்டாள். தெருவில் யாராவது கேட்டிருந்தால் நின்று திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவளுடைய குரலே அவளுக்குப் புதிதாகக் கேட்டது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

 மன்சூர் போனைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தான். மலை கொஞ்சம் தெரிந்தது. வெயிலோடு சாரல் வந்து, போனின் கண்ணாடியில் ஒவ்வொரு துளியாக விழுந்தது. துளி விழுந்த இடத்தில் மட்டும் கம்பெனிக்காரனின் எழுத்துகள் உருண்டு பெரிதாகத் தெரிந்தன. நனைகிறதே என்று இரண்டு பேருமே கையை நீட்டவில்லை.