பக்கத்து வூட்டு பிளான்

குவார்ட்டர்ஸ் ஹாலில் பாயை விரித்து வெண்மதி தன் வரைபடங்களைப் பரப்பினாள். பேன் காற்றில் பறக்காமலிருக்க, மூலைக்கு ஒன்றாகப் பிள்ளைகளின் பொம்மைகளைத் தூக்கி வைத்தாள். இன்டீரியர் டிசைன் படித்த அவளுக்கு இதுதான் முதல் வேலை. இன்று இது கைக்கு வராவிட்டால் நாளைக்கு மைன்ஸ் கேன்டீனில் கான்ட்ராக்டில் பாத்திரம் கழுவப் போக வேண்டும். அம்மா சின்னம்மாள் ஆள் பிடித்துப் பேசி வைத்துவிட்டாள். "பாண்டிச்சேரி வரைக்கும் போயி ரூமுக்குள்ள படம் போடப் படிச்சிக்கினு வந்தியே, எவன் கூப்புடுறான் பாக்கலாம்" என்று கிளம்பும்போதும் சொல்லித்தான் அனுப்பினாள். கரித்தூசியைக் கூட்டிக் கூட்டி முதுகு வளைந்தவள் அப்படித்தான் பேசுவாள்.

வீட்டுக்காரி சத்யப்பிரியா. வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பகலில் இந்த ஹாலில்தான் பார்த்துக்கொள்கிறாள். புருஷன் சிவசங்கர் மைன்ஸில் பெர்மனன்ட் ஆபரேட்டர். நைட் ஷிப்ட் முடித்து அவர் படுக்கிற நேரம், இங்கே பிள்ளைகள் கத்துகிற நேரம். மனுஷன் தூங்க வேண்டும், பிள்ளைகளும் இருக்க வேண்டும். கம்பெனி வீடு, சுவரில் கை வைக்க முடியாது. உள்ளே நிறுத்துகிற சாமானை வைத்தே வழி பண்ண வேண்டும்.

ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு, சிவந்த கண்ணோடு சிவசங்கர் வந்து குனிந்தார். மர வேலைக்கு வந்திருந்த முத்தாண்டிக்குப்பத்து ஆசாரி கலைச்செல்வனும் எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, அடுப்படி எங்க?"

"இதோ சார், இடது பக்கம்."

சிவசங்கர் நிமிர்ந்து அடுப்படியைப் பார்த்தார். அது வலது பக்கம் இருந்தது.

வெண்மதி தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். ஒரே டைப் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே மாதிரிதானே என்று, தூங்குகிறவரை எழுப்பாமல், பக்கத்து வீட்டு அகிலாவிடம் கேட்டு அங்கேயே அளந்துகொண்டு போயிருந்தாள். தண்ணிக் குழாய் ஒரே சுவரில் போக வேண்டுமென்று ரெண்டு வீட்டையும் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கு இடது என்றால் மற்றதற்கு வலது. டவுன்ஷிப்பில் இது தெரியாதவர் கிடையாது. டவுன்ஷிப்புக்கு வெளியே குடிசையில் வளர்ந்தவளுக்குத் தோன்றவில்லை.

"பக்கத்து வூட்டுக்காரனத் தூங்க வைக்கப் பிளான் போட்டியா? அவன் ஏற்கெனவே நல்லாத் தூங்குறான்!" என்று சிவசங்கர் சிரித்தார்.

சத்யப்பிரியா சிரிக்கவில்லை. "இதுகூடப் பாக்காம எப்படிம்மா? சரிப்படலன்னா சொல்லிடு. வடலூர்ல ரெடிமேட் பீரோ வாங்கிப் போட்டுக்கிறோம்."

"தாளத் திருப்பிப் புடி, வேல முடிஞ்சிது. இதுக்குப் போயி அழுவுறியே" என்றான் கலைச்செல்வன்.

"நான் எங்கண்ணே அழுதேன்?"

தாளை எடுத்து, மறுபக்கம் தெரியும்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அடுப்படி, கதவு, சுவர் எல்லாம் அச்சாகப் பொருந்தின. சத்யப்பிரியா மூச்சு விட்டாள். "ஆங், சரியாத்தான வருது!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கைக்கு வந்துவிடும். ஆனால் வெண்மதியின் கண் படுக்கையறைக்குள் போனது. காலை வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் பாய் விரித்தமாதிரி கிடந்தது. அகிலா வீட்டில் அந்த ஜன்னல் மேற்குப் பார்த்தது, காலையில் இருட்டு. இங்கே கிழக்கு. தாளைத் திருப்பினால் கட்டில் நேராக அந்த வெயிலில்தான் விழும்.

"இது சரியில்லக்கா. சுவர் திரும்பிடுச்சி, சூரியன் திரும்பல. சார் தூங்குற நேரத்துல மூஞ்சிலயே அடிக்கும். நான் மறுபடி அளக்குறேன்."

"வேணாம் பொண்ணே. வந்த பொழப்ப நீயே ஒதைச்சித் தள்ளாத" என்றான் கலைச்செல்வன்.

"டேப்போட அந்த முனையப் புடிங்கண்ணே."

முணுமுணுத்துக்கொண்டே பிடித்தான். சிவசங்கர் ஹாலிலேயே துண்டை முகத்தில் போட்டுச் சாய்ந்துவிட்டார். ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, வெயில் எதுவரை வருகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதினாள். பிறகு சாக்பீஸ் எடுத்துப் படுக்கையறைத் தரையிலேயே நிஜ அளவில் கோடு போட்டாள். வெயில் படாத மூலையில் கட்டில். அதற்கும் ஹால் கதவுக்கும் நடுவே, சத்தத்தை மறைக்கச் சுவர்போல ஒரு நெடும் அலமாரி.

கண் விழித்த சிவசங்கரைக் கூப்பிட்டாள். "சார், கோட்டுக்குள்ள படுத்துப் பாருங்க."

"பொணத்துக்கு போலீஸ்காரன் போடுறாப்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே படுத்தார். காலை நீட்டினார். பிறகு, "கால் இடிக்குது. இன்னும் ஒரு சாண் இப்டி வரட்டும்" என்றார்.

வெண்மதி அழித்துப் போட்டாள். அவர் மறுபடி படுத்தார். "ஆங், இது பரவால்ல."

சத்யப்பிரியா அலமாரிக் கோட்டைச் சுற்றி நடந்து உள்ளே போனாள், வெளியே வந்தாள். புருஷனையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, நீயே செய். வூட்ல இருக்குற பீரோவ ஹாலுக்குள்ளயும் இந்த ரூமுக்குள்ளயும் நானே நூறு தடவ இழுத்துப் போட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் ஆவல."

கலைச்செல்வனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அப்ப நான் போயி பலகை எடுத்துக்கினு வந்துடுறேன்."

"இருங்கண்ணே. இது மேலேர்ந்து பாத்த படம். பலாப்பழத்தப் பொளந்து வச்சாப்ல, ரூமை நெட்டுவாக்குல அறுத்து ஒரு படம் போடணும். செக்‌ஷன்னு சொல்வாங்க. உயரம் அதுலதான் தெரியும்."

"அலமாரிதான? ஆளு ஒசரத்துக்கு மேல கொஞ்சம் வச்சி அடிச்சா ஆச்சி."

"ஆளு ஒசரத்துக்கு அடிச்சா சத்தம் மேல ஏறி வரும். கூரை வரைக்கும் அடிச்சா?" வெண்மதி மேலே கை காட்டினாள். பேன் இறக்கை, அலமாரிக்குப் போட்ட சாக்பீஸ் கோட்டுக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

கலைச்செல்வன் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான்.

"படம் முடியுற வரைக்கும் ரம்பத்தத் தொடாதீங்க" என்றாள் வெண்மதி. டேப்பின் முனையை மறுபடி அவன் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூல்மேல் ஏறினாள்.