ழகரம் வராத வீடு

மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டபடியே அண்ணன் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கையைக் கூடத்தில் கிடத்தியாகிவிட்டது. சொந்தபந்தமெல்லாம் வந்தாயிற்று. அவளோடு வேலை பார்த்த கண்ணாடிக்காரியை மட்டும் காணவில்லை.

விடிகாலை ஆஸ்பத்திரியில் தங்கை கண்ணைத் திறந்து, "வந்துடுச்சாண்ணா?" என்று கேட்டாள். தன் கம்ப்யூட்டர் மொழியின் புதுப் பதிப்பைத்தான் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. "வந்துடுச்சும்மா, நீ பண்ணதும் அதுல இருக்கு" என்றான். பஸ் ஓட்டுகிறவனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள், பிறகு திறக்கவில்லை. சொன்னது பொய்யாக இருந்துவிட்டால் அவளை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்பதுதான் இப்போது அவனை அரித்தது.

தமிழிலேயே கட்டளை எழுதும் கம்ப்யூட்டர் மொழி அது. உருவாக்கியவர்களில் அவளும் ஒருத்தி. ஓர் எழுத்துப் பிசகினாலும் 'பிழை' என்று ஒற்றைச் சொல்லில் அறைந்துவிட்டு நின்றுவிடும். அப்படி நின்றுவிடாமல் என்ன எழுத வந்தார்கள் என்று அது யோசித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றாள். ழகரம் இந்த வீட்டில் யார் நாக்கிலும் குடியிருந்ததில்லை. பள்ளியில் அதற்காக அவள் வாங்காத திட்டில்லை. "ழ வராதவங்களுக்காக மொத்த மொழியும் மெதுவாகணுமா?" என்று குழுவில் கேட்டார்களாம். "தப்பு பண்ணா மட்டுந்தான் மெதுவாகும். தப்பு பண்ணவங்களுக்குக் கொஞ்சம் நேரம் குடுத்தா குடியா முளுகிடும்?" என்றாளாம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும் போனில் அதே சண்டைதான். பிடிவாதக்காரி.

கண்ணாடிக்காரி வந்தாள். தங்கையின் பக்கத்தில் நெடுநேரம் நின்றாள். திரும்பியதும் அண்ணன் மடக்கினான்.

"புதுசு வந்துடுச்சாம்மா?"

"நேத்து ராத்திரியே விட்டாச்சுண்ணா. வேகம் கூடியிருக்கு, மெமரி கம்மியா எடுக்கும்..."

"அதெல்லாம் கெடக்கட்டும். எங்க பாப்பாவோடது?"

அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அவன் முன்னே வைத்தாள். "எழுதுன்னு அடிச்சு, பக்கத்துல உங்களுக்குத் தோணுறத அடிங்கண்ணா."

ஸ்டீயரிங் பிடித்துத் தடித்த விரல். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, வாயில் வருகிறபடியே 'எளுது' என்று அடித்தான். பக்கத்தில் 'என் தங்கச்சி' என்று அடித்தான். திரை கேட்டது:

'எளுது' எனக்குத் தெரியவில்லை. 'எழுது' என்று சொல்ல வந்தீர்களா?

"ஆமா" என்று வாய்விட்டே சொன்னான். கண்ணாடிக்காரி சிரித்துக்கொண்டே அழுதாள். நான் பொய் சொல்லவில்லை என்று நினைத்ததும் அவனுக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதைவிடப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் இங்க வாங்க! எங்க பாப்பா பண்ணதப் பாருங்க!"

அத்தை அடித்தாள். மாமா அடித்தார். யாரும் வேண்டுமென்று தப்பாக அடிக்கவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் அது பொறுமையாகக் கேட்டது. எதிர்வீட்டுத் தமிழ் வாத்தியார் மட்டும் சரியாக அடித்துவிட்டு, தன்னை ஒன்றும் கேட்கவில்லையே என்று முகத்தைத் தொங்கப்போட்டார். அம்மா அழுகையை நிறுத்தி, "எனக்கும் காட்டுங்கடா" என்று எழுந்து வந்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. "எடுத்துடலாங்களா?" என்றார் வண்டிக்காரர்.

"இருங்கண்ணே. இன்னும் நாலு பேர் தப்பு பண்ணணும்" என்றான் அண்ணன்.

வண்டிக்காரர் கூடத்தை எட்டிப் பார்த்தார். இன்ஜினை நிறுத்திவிட்டு வந்து, வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.